பஞ்சக்குரோசிப் பாதையில் மின்சார சைக்கிள்

சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்ற பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது. பேருந்து ஒன்றை வாடகைக்குப் பிடித்துச் சாரநாத்துக்கோ சுனார்க் கோட்டைக்கோ போய், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து உண்டு, கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டு, விளக்கு வைக்குமுன் விடுதிக்குத் திரும்புவது நம் வழக்கம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆயினும், இவ்வாண்டுப் பணத்தோடு சென்ற ஆண்டு மிச்சத்தையும் சேர்த்து இரண்டு மின்சார சைக்கிள்கள் வாங்க வேண்டும். அவற்றைச் சங்கத்தின் பொதுச் சொத்தாக வைத்துக்கொண்டு, காசியைச் சுற்றியுள்ள கிராமப் பாதைகளில் நம்மவர் முறைவைத்துச் சென்றுவர வேண்டும் என்பது என் கருத்து. பொதுக்குழுவில் இதைச் சொன்னபோது சிலர் சிரித்தனர், சிலர் சினந்தனர். இரு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நாம் மூன்று ஆண்டுகளோ ஐந்து ஆண்டுகளோ இந்த மண்ணில் வாழ்கிறோம். 1916-இல் தோன்றிய இந்தப் பல்கலைக்கழகத்தின் மரநிழற் சாலைகள் நமக்கு நன்றாகத் தெரியும். லங்கா வாயில் தெரியும், அசி தெரியும், கோதவுலியா தெரியும், ஊருக்குப் போகும் இரயில் நிற்கும் மேடையும் தெரியும். அதற்கு மேல் என்ன தெரியும்? காசியில் தமிழனின் தடம் பழையதுதான். கேதார கட்டத்தில் குமரகுருபரர் வழிவந்த மடம் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. நகரத்தாரின் சத்திரம் 1863-இலிருந்து இருக்கிறது. அனுமான் கட்டத்து வீட்டில் பாரதியார் 1898 முதல் சில ஆண்டுகள் அத்தையோடு வாழ்ந்தார். ஆனால், நண்பர்களே, இவையெல்லாம் கங்கைக் கரையை ஒட்டிய சிறு வட்டத்துக்குள் அடங்கியவை. அந்த வட்டத்தை விட்டு மேற்கே நாலைந்து கிலோமீட்டர் போனால் கோதுமை வயல் தொடங்கிவிடுகிறது. அங்கே பேசும் போஜ்புரியில் நமக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஐந்தாண்டு இருந்துவிட்டு ஊருக்குப் போய் "வடநாடு முழுவதையும் பார்த்துவிட்டேன்" என்று சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன்!

வட்டத்துக்கு வெளியே போக வழி எது? அது பல நூற்றாண்டுகளாகப் போடப்பட்டே இருக்கிறது. காசித் தலத்தைச் சுற்றி வலம்வரும் பாதைக்குப் பஞ்சக்குரோசி என்று பெயர். மரபுக் கணக்கில் 25 குரோசம். இன்றைய அளவில் ஏறக்குறைய 88 கிலோமீட்டர். கந்துவா, பீம்சண்டி, ராமேஷ்வர், சிவ்பூர், கபில்தாரா என ஐந்து தங்குமிடங்கள். நகரம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி அடியார்கள் ஐந்து நாள் நடந்து முடிப்பது முறை. மகா சிவராத்திரியன்று ஒரே மூச்சில் இரவும் பகலும் நடந்து முடிப்பவர்களும் உண்டு. வழிநெடுகக் கோயில்கள், குளங்கள், தரும சாலைகள். முதல் தங்குமிடமாகிய கந்துவா நம் வளாகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அங்குள்ள கர்தமேசுவரர் கோயில், காசியில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய கோயில்களில் ஒன்று. அதன் முன்னுள்ள குளத்தை 18-ஆம் நூற்றாண்டில் வெட்டிக் கட்டுவித்தவர் வங்காளத்து ராணி பவானி. எங்கோ வங்காளத்தில் இருந்த ஓர் அம்மையார் இந்தப் பாதைக்குக் குளம் வெட்டினார். விடுதியிலிருந்து கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்?

நம் கதை இப்படியிருக்க, சென்ற ஆண்டு பத்துப் பேர் சாதாரண சைக்கிளில் புறப்பட்டுப் பார்த்தார்கள். நானும் உடன் சென்றேன். வலுத்தவர்கள் நால்வர் முன்னே பறந்தார்கள். மற்றவர்கள் பீம்சண்டி போய்ச் சேருமுன்னே மேல்காற்றில் திணறிப் போனார்கள். மூன்று பேர் தங்கள் சைக்கிள்களை ஒரு டோட்டோவின் கூரையில் கட்டித் திரும்பிவிட்டனர். அந்த மூவரில் ஒருவர் வரலாற்றுத் துறை மாணவி. கோயிலைப் பற்றியும் குளத்தைப் பற்றியும் எங்களுக்குச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். முன்னே பறந்த நால்வரோ எந்தக் கோயிலிலும் நிற்கவில்லை. திரும்பி வந்து அவர்கள் பேசியதெல்லாம் எத்தனை மணி நேரத்தில் முடித்தோம் என்பதைப் பற்றித்தான். சுற்றிப் பார்க்கப் போன கூட்டத்தில் பார்க்கத் தெரிந்தவர் திரும்பிவிட, ஓடத் தெரிந்தவர் மட்டும் சுற்றி வந்தார்கள்!

மின்சார சைக்கிள் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடத்தில்தான். அதன் அமைப்பு எளியது. சக்கரத்தின் நடுக்குடத்தில் ஒரு சிறு மோட்டார். சட்டத்தில் ஒரு பாட்டரி. மிதிக்கட்டைத் தண்டில் ஓர் உணர்கருவி. நாம் மிதித்தால் மோட்டார் துணைக்கு வரும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் அடங்கிய இத்தகைய வண்டி மோட்டார் வாகனமே ஆகாது. உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். பயிற்சி இல்லாத ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடிய ஆற்றல் 75 முதல் 100 வாட் வரைதான். ஆகவே அந்தச் சிறு மோட்டார் முழு வலுவோடு துணை செய்யும்போது, கண்ணுக்குத் தெரியாத இருவர் நம்மோடு சேர்ந்து மிதிப்பதாகவே கொள்ளலாம்.

"மலையா, மேடா? காசி மேசைபோல் தட்டையான ஊர். இங்கே மோட்டார் எதற்கு?" என்று கேட்டார் ஒரு நண்பர். நல்ல கேள்வி. ஆனால் கங்கைச் சமவெளியில் மேட்டைவிடக் கொடியது காற்று. சைக்கிள்காரன் பட்டறிந்த கணக்கு ஒன்று உண்டு: வேகம் இரண்டு மடங்கானால் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் ஆற்றல் எட்டு மடங்காகிறது. எதிர்காற்று அடிக்கும்போது நாம் மெல்லச் சென்றாலும் காற்றுக்கு நாம் வேகமாகச் செல்பவர்கள்தாம். மேட்டுக்கு முடிவு உண்டு. ஏறிய பின் இறக்கம் வரும். மேல்காற்றுக்கு இறக்கம் கிடையாது. பங்குனி பிறந்தால் அனலும் சேர்ந்துகொள்ளும். புழுதி மண்டிய கச்சாப் பாதையில் சக்கரம் புதையும்போது கால்வலு இல்லாதவர் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். தட்டையான ஊரிலும் துணை மோட்டாருக்கு வேலை உண்டு என்பதற்கு இவை போதாவா?

"மோட்டார் வைத்தால் அது சைக்கிளே அல்ல, ஏமாற்று வித்தை" என்று சினந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். பந்தயத்தில் மோட்டார் வைப்பது ஏமாற்று, ஐயமில்லை. நாம் பந்தயத்துக்குப் போகவில்லையே. ஏழு பேர் போகும் குழுவில் இரண்டு மின்சார சைக்கிள்களும் ஐந்து சாதாரண சைக்கிள்களும் இருக்கட்டும். வலுத்தவர் தம் கால்களை நம்பி மிதிக்கட்டும். மின்சார சைக்கிள் அன்றைய நாளில் யார் தளர்கிறார்களோ அவருக்குக் கைமாறட்டும். குழு கலையாமல் ஒரே வேகத்தில் போகும். தமிழ்நாட்டிலிருந்து வந்து முதற்குளிர்காலத்தில் இருமிக்கொண்டிருக்கும் இளநிலை மாணவரும், முழங்கால் வலியுள்ள ஆராய்ச்சி மாணவரும், மிதித்துப் பழக்கமில்லாத மாணவியரும் ஒரே மரத்தடியில் ஒன்றாக இறங்குவார்கள். இதற்காகத்தான் ஆளுக்கொன்று வேண்டாம், சங்கத்துக்கு இரண்டு போதும் என்கிறேன். முப்பதாயிரம் ரூபாய் அளவில் ஒரு நல்ல வண்டி கிடைக்கிறது. ஒருவருக்கு அது பெரும் பணம். சங்கத்துக்கு அவ்வளவு சுமையன்று.

இனி, எனக்கு உண்மையில் அச்சம் தருபவர்கள் வேறு சிலர். "வாங்குவதுதான் வாங்குகிறோம், மிதிக்கவே தேவையில்லாமல் கைப்பிடியை முறுக்கினால் ஓடும் வண்டியாக வாங்குவோம், வேகத் தடையையும் எடுத்துவிடலாம், கடைக்காரரே எடுத்துத் தருவார்" என்று அவர்கள் சொல்கிறார்கள். தடையை எடுத்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது பதிவில்லாத மோட்டார் வாகனம். அதைவிடப் பெரிய காரணம் பாதையில் நடப்பவர்கள். பஞ்சக்குரோசியில் வெறுங்காலோடு, தலையில் மூட்டையோடு, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு போகும் மூதாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஸ்கூட்டர் வந்தால் ஓசை கேட்டு ஒதுங்குவார்கள். மின்சார சைக்கிள் பூனைபோல் வரும். ஓசையில்லாமை அதன் அழகு. அதுவே அதன் ஆபத்தும். வயலோரத்தில் நீல்காயைக் கலைக்காமல் அருகே செல்ல உதவும் அதே அமைதி, காது மந்தமான கிழவரின் முதுகில் கொண்டுபோய் இடிக்கவும் வைக்கும். எனவே தொலைவிலேயே மணியடிக்க வேண்டும்; நடப்பவர் கூட்டத்தைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற வேகத்தைச் சங்கமே விதியாக வைக்கட்டும். சிவராத்திரியன்றும், அடியார் கூட்டம் பெருகும் அதிக மாதத்திலும், நம் வண்டிகள் அந்தப் பக்கமே போகக்கூடாது. அது அவர்களின் பாதை. நாம் விருந்தாளிகள்.

வேகத்தைக் குறைத்தால் பாட்டரியும் நீடிக்கும். வழக்கமான 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்குவது 360 வாட்-மணி. அடக்கமாக மிதித்துச் சென்றால் ஒரு கிலோமீட்டருக்கு எட்டு வாட்-மணி செலவாகும் என்று கொள்ளலாம். அப்படியானால் 45 கிலோமீட்டர். முழு வலமும் ஒரே மூச்சில் ஆகாது! இதைக் குறை என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கந்துவாவில் காலையில் புறப்பட்டால், மூன்றாம் தங்குமிடமாகிய ராமேஷ்வருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நண்பகலில் பாட்டரி தீரும் தறுவாயில் அங்கே போய்ச் சேருவோம். மீண்டும் நிரம்ப ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்து மணி நேரம் ஓர் ஊரில் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்று ஒரு கருவியே கட்டளையிடுவதை வேறு எந்த வாகனத்தில் காண்போம்? செலவோ அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம். மூன்று நான்கு ரூபாய். தேநீர்க் கடையில் கேட்டுச் செருகிக்கொண்டு, மண் குவளையில் தேநீர் வாங்கிக் குடித்து, உரிய காசையும் கொடுத்துவிட்டால் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. மாறாக, "கா ஹோ, எவ்வளவு தூரம் ஓடும்? விலை என்ன?" என்று சுற்றிலும் கூடிவிடுவார்கள். நமது போஜ்புரிப் பாடம் அங்கே தொடங்கும்.

ராமேஷ்வரைப் பற்றி இன்னும் சில வரி எழுதாமல் இருக்க முடியவில்லை. வருணை ஆறு வளைந்து செல்லும் கரையில் அமைந்த ஊர் அது. இராமன் கையால் மணலைக் குவித்து இலிங்கம் அமைத்தான் என்று அங்கும் சொல்கிறார்கள். சேதுக் கரையில் மணல் எடுத்துப் பிரயாகையில் கரைப்பதைப் பேறாகக் கருதும் நம் ஊர்ப் பெரியவர்களில், காசிக்கருகே இன்னோர் இராமேசுவரம் இருப்பதை அறிந்தவர் எத்தனை பேர்? கார்த்திகை மாதத்தை ஒட்டி அங்கே 'லோட்டா பண்டா' என்றொரு திருவிழா நடக்கிறது. சொம்பும் கத்தரிக்காயும் என்று பொருள். குடும்பம் குடும்பமாக வருணையில் முழுகி, கரையிலேயே வறட்டி மூட்டி, மாவு உருண்டையைச் சுட்டு, சுட்ட கத்தரிக்காயைப் பிசைந்து உண்பார்கள். நம் ஊர்க் கத்தரிக்காய்த் துவையலை நினைவூட்டும் சுவை அது. நல்லெண்ணெய்க்கு மாற்றாகக் கடுகெண்ணெய். பேருந்துச் சுற்றுலாவில் இந்த ஊர் வராது. பேருந்து அங்கே நின்றாலும் ஐம்பது பேர் ஒன்றாக இறங்கினால் அந்த ஊரார் நம்மைப் பார்ப்பார்களே ஒழிய நாம் அவர்களைப் பார்க்கமாட்டோம்.

பாதையின் கடுமையையும் சொல்லிவிட வேண்டும். மழைக் காலத்தில் கச்சாப் பாதை பக்கமே போகவேண்டாம். இந்த வண்டல் மண் நனைந்தால் களியாகி மட்காப்புக்குள் அடைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாது. சாதாரண சைக்கிளாயிருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பைக் கடந்துவிடலாம். மின்சார சைக்கிளோ இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், ஒருவரால் வெகுதூரம் தூக்க முடியாது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை மூடுபனி பத்தடிக்கு அப்பால் ஒன்றையும் காட்டாது. வெயில் ஏறிய பிறகே புறப்பட வேண்டும். இருட்டிய பின் கேட்பாரற்ற மாடுகள் சாலை நடுவில் படுத்திருக்கும். பின்சக்கர மோட்டாரோடு ஆணி குத்திவிட்டால் சக்கரத்தைக் கழற்றப் பார்க்காதீர்கள், கம்பி அறுந்துபோகும். டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை மட்டும் வெளியே இழுத்து ஒட்டு வைப்பதைக் கிராமத்துப் பஞ்சர் கடைக்காரர் எவரும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். பாட்டரியை விடுதி அறையில், கட்டிலுக்கடியில், இரவெல்லாம் செருகி வைக்கக்கூடாது. லித்தியம் தீப்பிடித்தால் எளிதில் அணையாது. விடுதிக் காப்பாளரிடம் ஓரிடம் கேட்டுப் பெற்று, விழித்திருக்கும் வேளையில், தரையில் வைத்தே நிரப்ப வேண்டும்.

"அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்பவர்களுக்கு ஒரு செய்தி. பாதை நமக்காகக் காத்திருக்கவில்லை. நகரின் சுற்றுச்சாலை 2018-இல் முதற்பகுதி திறக்கப்பட்டது; அதன்பின் ஊர் வெளிநோக்கி விரைந்து வளர்கிறது. நான்காம் தங்குமிடமாகிய சிவ்பூர் ஏற்கெனவே நகருக்குள் வந்துவிட்டது; அங்கே நின்றால் கிராமம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, லாரிப் புகைதான். பழைய பாதையின் சில துண்டுகள் அகலமாகிவிட்டன. நிழல் தந்த மரங்கள் அந்த இடங்களில் இல்லை. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கறி, காய், நோயாளி, நெசவுக்காரரின் சேலை மூட்டை எல்லாம் அதில்தான் போகவேண்டும். ஆயினும் பீம்சண்டிக்கும் ராமேஷ்வருக்கும் இடையே இன்னும் கடுகு பூக்கிறது, மாந்தோப்பு இருக்கிறது, கைப்பம்பில் தண்ணீர் அடித்துத் தருபவர் "எந்த ஊர்?" என்று கேட்கிறார். அந்தத் துண்டை இப்போது பார்க்கலாம். எத்தனை ஆண்டு பார்க்கலாம் என்று யார் சொல்ல முடியும்?

பொதுக்குழு மீண்டும் கூடும்போது நான் வைக்கவிருக்கும் தீர்மானத்தைச் சுருங்கச் சொல்கிறேன். மிதித்தால் மட்டும் ஓடும் வண்டிகள் இரண்டு வாங்குவது. சாவி துணைச் செயலரிடம் இருக்கட்டும். தலைவர், செயலர் எவரும் லங்காவுக்குப் பால் வாங்கப் போக அவற்றை எடுக்கக்கூடாது. ஒவ்வொரு குழுவிலும் முதலாண்டு மாணவர் இருவர் கட்டாயம். முதற்பயணம் இரண்டு நாள். இரவு ராமேஷ்வரில் தரும சாலையில் தங்கல். பொங்கல் விழா முடிந்து பத்து நாள் கழித்து, பனி விலகிக் கடுகு மஞ்சள் மாறாதிருக்கும் வாரத்தில் புறப்படலாம். வரலாற்றுத் துறை மாணவியிடம் சொல்லிவிட்டேன். தமக்கு மின்சார சைக்கிள்தான் வேண்டும், கந்துவாக் குளத்தருகே எவரும் அரை மணி நேரத்துக்கு முன் கிளம்பக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு வர ஒப்புக்கொண்டிருக்கிறார்.